மீசை காயும்வரை

“வாயை ஆட்டாதீங்க அண்ணாச்சி, மீசையில இருக்கிறது உதட்டுல இறங்கிரும்” என்று சொல்லிவிட்டு சலூன்காரர் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் வாளித் தண்ணீருக்குள் போட்டார். சரி என்று தலையாட்டப் போன செண்பகராஜ், தலையிலும் அதே களிம்புதானே அப்பியிருக்கிறது, ஆட்டலாமோ கூடாதோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டான். காய்வதற்கு அரை மணி நேரம் ஆகும் என்றார். ஆகட்டும். நாற்பத்து மூன்று வயதில் பெண் பார்க்கப் போகிறவன் அரை மணி நேரம் பொறுக்க மாட்டானா என்ன. கண்ணாடியில் பார்த்தான், பார்த்திருக்க வேண்டாம். வெள்ளைத் துணிக்கு மேலே ஒரு தலை, அதில் பிசுபிசுவென்று கருப்பு, மூக்குக்குக் கீழே இன்னொரு கருப்பு, ரெண்டுக்கும் நடுவே திருதிருவென்று முழிக்கிற கண்கள். எதைத் திருடினான்? ஒன்றையும் திருடவில்லை. டை போட்டுக்கொள்வது ஒரு குற்றமா, ஊரில் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் சொந்தத் தெருவில் இருக்கிற சலூனை விட்டுவிட்டு, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முன்னே பின்னே தெரியாத இந்தச் சந்துக்குள் எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வான்? அங்கே கூட்டம் என்பான். பச்சைப் பொய். அந்த சலூன்காரர் கனிஷ்காவுக்கும் முடி வெட்டுகிறவர். நாற்காலியின் கைப்பிடிகள்மேல் பலகையைப் போட்டு அவளை ஏற்றி உட்கார வைக்கிறவர். ‘எங்க, மகளைக் காணோம்?’ என்பதுதான் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தையாக இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் இத்தனை தூரம் வெயிலில் நடந்து வந்தான்.

வேர்த்துக் கொட்டியது. சித்திரை மாசம், தகரக் கூரை, தலைக்கு மேலே ஃபேன் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. கரண்ட் இல்லையோ என்று பார்த்தால் ட்யூப் லைட் எரிகிறது. அவன் கண் ஃபேனுக்குப் போனதைச் சலூன்காரர் பார்த்துவிட்டார். “கொஞ்சம் பொறுத்துக்கோங்க அண்ணாச்சி, குருவி குஞ்சு பொரிச்சிருக்கு, ஃபேன் போட்டா அடிபட்டுரும்” என்று ஒரு விசிறியை எடுத்து அவன் மடியில் வைத்தார். அப்போதுதான் பார்த்தான், கண்ணாடிக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், செருப்பு வாங்குகிற அட்டைப் பெட்டி ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தது. அதில் கோழி முட்டை அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து ஓயாமல் கீச்சுக் கீச்சு என்று சத்தம். இதுவரைக்கும் அது காதில் விழவில்லை, இப்போது அதைத் தவிர வேறெதுவும் விழவில்லை. பெட்டைக் குருவி வாசல் வழியாக விருட்டென்று வந்தது, ஓட்டைக்குள் தலையை விட்டது, சத்தம் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அடங்கியது, வெளியே போயிற்று, உடனே மறுபடியும் கீச்சு. ஐயோ பாவம், அது ஒரு நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கக்கூட இல்லை. இதன் ஆம்பளை எங்கே போனான்? தேட வேண்டியதே இல்லை, வாசலுக்கு நேர் மேலே, ஷட்டர் சுருண்டுகொள்கிற தகரப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சந்து இருந்தது, அதன் வாயில் உட்கார்ந்துகொண்டு சிலிர்த்துக்கொண்டு இருந்தது. தொண்டையிலிருந்து நெஞ்சுவரை கரியைப் பூசிவிட்ட மாதிரி கருப்பு. சிலிர்க்கும், இறக்கையைத் தொங்கப் போட்டு நடுக்கும், சிலிப் சிலிப் என்று ஒரே கூப்பாடு. வெளியே கேபிள் ஒயரில் இன்னொரு பெட்டை வந்து உட்கார்ந்தால் கூப்பாடு இரண்டு மடங்காகிறது. “அந்த வீட்டைக் காட்டித்தான் ரெண்டாவதுக்கு அடி போடுறாரு தொரை” என்று சலூன்காரர் சிரித்தார். “அந்தக் கருப்பு எம்புட்டுப் பெருசோ அம்புட்டு மவுசு அதுக்கு.” செண்பகராஜுக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, மீசை ஈரமாக இருந்ததால் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு மீசைக்கு டை போடுவது கனிஷ்காதான். பழைய டூத் பிரஷ்தான் கருவி. அவனைத் தரையில் உட்கார வைத்து, எதிரே முட்டி போட்டு, நாக்கை ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு முடியாகப் பூசுவாள். உதட்டில் பட்டுவிட்டால் ‘அசையாதேன்னு சொன்னேன்ல’ என்று அதட்டுவாள், பிறகு காயட்டும் என்று உப் உப்பென்று ஊதுவாள். பாதி எச்சில்தான் வந்து விழும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் நரையைப் பற்றி என்ன கவலை என்று நினைத்துக்கொள்வான். ஒருநாள் கேட்டதற்கு, ‘கிழவன் ஆயிட்டா நீயும் செத்துப்போயிருவேல்ல’ என்றாள். நீயும். அந்த ‘உம்’மில்தான் அவள் அம்மா மாரீஸ்வரி இருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால், மூன்று நாள் காய்ச்சலில், நல்லா இருந்தவள், ரசம் வைக்கச் சொல்லிவிட்டுப் படுத்தவள். அவன் மில்லில் நைட் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள், ‘இந்தா வாரேன்’ என்றான், கையைக் கழுவிவிட்டுப் போவோம் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்கக்கூடாது. அந்த இடத்துக்கு வந்தால் மனசு வழுக்கிக்கொண்டே போய்விடும், எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. வேறு எதையாவது நினை. ஜடையை நினை. முதலில் அவன் பின்னிய ஜடைகள் காதுக்கு மேலே ஒன்று, பிடரியில் ஒன்று என்று நின்றன. பள்ளிக்கூட வாசலில் அம்மாமார் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி அவிழ்த்துப் பின்னிவிட்டாள், அன்றைக்குச் சாயந்திரம் கனிஷ்கா, ‘அந்த அத்தை நல்லா பின்னிவிட்டாங்கப்பா, ஆனா நீ நாளைக்கும் பின்னு’ என்றாள். இப்போது நன்றாகவே பின்னுவான். மில்லில் அறுந்த நூலைப் பிணைக்கிற கைதானே, பழகிவிட்டது. நாளைக் காலையில் யார் பின்னிவிடுவார்கள். தாய்மாமன் காளீஸின் பெண்டாட்டி பின்னிவிடுவாள். இவனைவிட நன்றாகவே பின்னுவாள். அதில் என்ன குறைச்சல், ஒன்றும் குறைச்சல் இல்லை.

காளீஸ், மாரீஸ்வரியின் கூடப் பிறந்தவன், சிவகாசியில் இருக்கிறான். பிள்ளையில்லை. தங்கமான மனுஷன், ஒரு சொல் சொல்ல முடியாது. பிள்ளையைக் கொடுங்க மச்சான், நாங்க வளர்த்துக்கிறோம் என்று கருமாதி அன்றைக்கே கேட்டவன். அன்றைக்கு செண்பகராஜுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, சொம்பைத் தூக்கி எறிந்தான். இந்த வருஷம் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தது அவனுடைய அக்கா சண்முகத்தாய். அக்கா பேச ஆரம்பித்தால் கேட்கிறவனுக்கு மூச்சுத் திணறும். ‘தாய்மாமன்கிட்டதானேடா விடுறே, தெருவுலயா விடுறே? நாளைக்கு அவ பெரிய மனுஷியானா நீ என்ன பண்ணுவே, ஆம்பளை, வாசல்ல நின்னு கையைப் பிசைவியா? குச்சு கட்டப் போறவன் மாமன், சீர் செய்யப் போறவன் மாமன், அவன் வீட்டுலயே இருந்துட்டுப் போறா. நீ என்ன செத்தா போயிட்டே, மாசாமாசம் போய்ப் பாரு.’ அதெல்லாம் நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அவனுக்குத் தொந்தரவு. அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பான். அக்காதான் திருச்சுழியில் செல்வநாயகியைப் பார்த்தது. முப்பத்தாறு வயது, செவ்வாய் தோஷம் என்று தள்ளித் தள்ளிப் போட்டுக் கல்யாணமே ஆகாமல் நின்றவள், தையல் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வீட்டில் அக்கா சொல்லிவிட்டாள், தம்பிக்குப் பிள்ளை குட்டி ஒன்றும் இல்லை என்று. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். பிள்ளை இருக்கிறது என்றால் எந்தப் பெண் வருவாள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கேட்டபோது செண்பகராஜ் குதித்தான், அப்புறம் கொஞ்சம் குதித்தான், அப்புறம் உட்கார்ந்துவிட்டான். சரி, நேரில் பார்க்கும்போது நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தான். நினைப்பதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் நினைக்கலாம்.

அதற்குள் செல்வநாயகி போன் செய்துவிட்டாளே. ஷிப்டு முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றான், தெரியாத நம்பர். ‘சாப்பிட்டீங்களா’ என்று ஒரு குரல். இவ்வளவுதான், வேறொன்றும் இல்லை, சாப்பிட்டீங்களா. நாலு வருஷமாக அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. கனிஷ்கா கேட்பாள், ‘பசிக்குதுப்பா’ என்பாள், அது வேறு. செண்பகராஜ், நாற்பத்து மூன்று வயது ஆம்பளை, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். மறைத்துப் பேசி என்ன ஆகப் போகிறது, அவனுக்கு ஒரு பொம்பளை வேண்டியிருந்தது. வீட்டுக்குள் வளையல் சத்தம் வேண்டியிருந்தது. ராத்திரி ஒருபக்கம் குழந்தை தூங்கும்போது இன்னொரு பக்கம் வெறும் சுவராக இருக்கிறது, அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. இது தப்பா? தப்பில்லை என்று அவனே சொல்லிக்கொண்டான், யாரும் தப்பு என்று சொல்லாதபோதே. அந்தக் குரல் பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, ‘உங்களுக்குப் பிள்ளைங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க’ என்றது. கேள்வியா, சும்மா சொன்னதா, வருத்தப்பட்டுச் சொன்னதா? இவன் ‘ம்’ என்றான். ஒரே ஒரு ம். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாயிற்று. அது, இல்லை என்று மட்டும் அர்த்தப்படாது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் அர்த்தப்படும். ஆமாம் சொன்னாங்க, ஆனால் இருக்கிறாள் என்று அடுத்த வார்த்தை சொல்வதற்காக எடுத்த மூச்சு அது. ஆனால் அடுத்த வார்த்தை வரவில்லை, பஸ் ஹாரன் அடித்தது, அவள் ‘சரி, வச்சுரவா’ என்றாள். அவள் குழந்தை என்றால் பிடிக்காதவளா? அதைக்கூட அவன் கேட்கவில்லை. ஒருவேளை ஆசைப்படுகிறவளாக இருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவனுக்குக் காது அடைத்தது, ஏனென்றால் அப்படி இருந்துவிட்டால் இத்தனை ஏற்பாடும் எதற்கு.

“போன வருஷம் ஒரு கூத்து நடந்துச்சு” என்று சலூன்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வேறு ஆள் இல்லை, இவனும் பேச முடியாது, அவருக்கு இதைவிட வசதி ஏது. “இதே பெட்டிதான். குஞ்சு பொரிச்சு கண்ணு தொறந்துருச்சு. ஒரு ஆள் வந்தாரு, நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஃபேனைப் போட்டுட்டாரு. பெட்டை அடிபட்டு இந்தா இங்கன விழுந்து செத்துப்போச்சு. சரி, குஞ்சுக போச்சுன்னு நினைச்சேன். பார்த்தா ஆண் குருவி ஊட்ட ஆரம்பிச்சிருச்சு அண்ணாச்சி. தனியா. காலையில கடை தொறக்கிறதுக்கு முன்னாடியே ஷட்டர் சந்து வழியா போக, வர. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.” செண்பகராஜ் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தான். அப்புறம்? வாயைத் திறக்காமல் புருவத்தைத் தூக்கினான். “அப்புறம் என்ன, அதுக்கும் ஆசாபாசம் இருக்கும்ல. ரெண்டு மூணு நாள்ல இந்தா இதே மாதிரி ஒயரைப் பார்த்துக் கத்த ஆரம்பிச்சிருச்சு. ஒரு பெட்டையும் வந்து சேர்ந்துச்சு. வந்தவ நேரா பெட்டிக்குள்ள போனா. ஒவ்வொரு குஞ்சா மூக்கால கொத்தித் தூக்கிக் கீழ போட்டுட்டா. நான் சவரம் பண்ணிக்கிட்டு இருக்கேன், இங்கன வந்து விழுது.” அவர் தரையைக் காட்டினார். செண்பகராஜின் செருப்புக்குப் பக்கத்தில், வெட்டிய முடி குவிந்து கிடந்த இடம். “அந்த ஆண் குருவி என்ன பண்ணுச்சுன்னு கேக்குறீங்களா? ஒண்ணும் பண்ணலை. பெட்டி மேல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அவ கூடப் போயிருச்சு.” சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார், ஏதோ ஊர்க்கதை சொன்ன மாதிரி. செண்பகராஜ் காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். மனுஷப் பெண்கள் அப்படி இல்லை. செல்வநாயகி அப்படி இல்லை, சாப்பிட்டீங்களா என்று கேட்டவள். ஆனால் யாருக்குத் தெரியும், ஒருத்தியைப் பற்றி ஒரு வாக்கியத்தில் என்ன தெரியும். அதனால்தான் சிவகாசிக்கு அனுப்புகிறோம், பார்த்தாயா, கனிஷ்காவின் நல்லதுக்குத்தான், அவளைக் காப்பாற்றத்தான். இப்படி ஒரு சப்பைக்கட்டு கிடைத்ததும் அவனுக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. காப்பாற்றுகிறவன் மழைக்கோட்டைப் பற்றி ஏன் பொய் சொன்னான்?

காலையில் கனிஷ்கா பை கட்டிக்கொண்டிருந்தாள். லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகிறாய் என்றுதான் சொல்லியிருந்தது. கவுனை மடித்து வைத்தாள், கலர் பென்சில் வைத்தாள், சண்முகத்தாய் அத்தை போனில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மழைக்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘லீவுக்கு எதுக்குப்பா மழைக்கோட்டு, இது வெயில் காலம்தானே’ என்றாள். ‘இருக்கட்டும், திடீர்னு மழை வந்தா’ என்றான். அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை மடித்தாள். சின்னதாக, ரொம்பச் சின்னதாக மடித்தாள், பைக்குள் இடம் இருந்தும். பிறகு கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். சொல்லியிருப்பானா? கேட்காமல் இருந்ததுதான் அவனைக் கொன்றது. வழக்கமாக ஒன்றைப் பிடித்தால் விடாமல் நச்சரிக்கிற பிள்ளை. பிறகு தண்ணீர்ப் பானையை நிரப்பி வைத்தாள், சமையல் மேடையைத் துடைத்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்புவதற்கு முன் உதவி செய்கிற மாதிரி. அவளுக்குத் தெரியுமோ. தெரியாது. தெரிந்தால் அழுதிருக்க மாட்டாளா. அழாத பிள்ளைக்குத்தான் தெரிந்திருக்கும் என்று மாரீஸ்வரி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். மாரீஸ்வரி இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லையே, என்ன நினைப்பு இது, நினைப்புக்கு ஒரு ஒழுங்கே இல்லாமல் போய்விட்டது இப்போதெல்லாம்.

போன் அடித்தது. அக்கா. காதோரம் களிம்பு, சலூன்காரர் ஒரு பாலித்தீன் பையைக் கொடுத்தார், அதைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டு எடுத்தான். “டேய், முடிஞ்சிருச்சா? நாங்க கனியை ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டோம். காளீஸ் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறான், பிள்ளையை அவன் கையில ஒப்படைச்சிட்டு அப்படியே திருச்சுழிக்கு விட்டுரலாம். இன்னொண்ணு கேட்டுக்கோ. வண்டி ஓட்டிட்டு வர்றது செல்வநாயகிக்குச் சித்தப்பா மகன். அவுக வண்டிதான். டீ குடிக்க இறங்கியிருக்கான், அதான் போன் பண்றேன். வண்டிக்குள்ள வாய் தவறி எதையும் உளறி வைக்காதே. கனிகிட்டயும் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கேன், கெட்டிக்காரி, அவ பார்த்துக்கிடுவா. நீதான் ஒழுங்கா இருக்கணும். கேக்குதா?” கேட்கிறது என்று சொல்ல முடியவில்லை. என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறாய் என்று கேட்க முடியவில்லை. உதட்டைப் பிரித்தால் களிம்பு வாய்க்குள் வரும். “ம்” என்றான். அக்கா வைத்துவிட்டாள். பாவி, மறுபடியும் அதே ம். களிம்பு வாய்க்குள் போனால் செத்தா போவான்? துப்பிவிட்டுப் பேசியிருக்கலாமே. பேசாமல் இருக்க அவனுக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, அன்றைக்கு பஸ் ஹாரன், இன்றைக்கு மீசை.

வாசலில் படபடவென்று சத்தம். ஆண் குருவி எதையோ வாயில் கவ்விக்கொண்டு வந்து கண்ணாடிச் சட்டத்தில் உட்கார்ந்தது. பச்சைப் புழு, இன்னும் நெளிகிறது. பரவாயில்லையே, நம் ஆள் கொண்டு வந்துவிட்டானே என்று செண்பகராஜ் நிமிர்ந்தான். பெட்டிக்கும் குருவிக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. உள்ளே குஞ்சுகளுக்குத் தெரிந்துவிட்டது, ஓட்டையில் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மஞ்சள் வாய்கள் திறந்தன, எத்தனை வாய், எல்லாம் வாய்தான், உடம்பே இல்லை. போ, கொடு, கொடுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போய்த் தொலை. அப்போது பார்த்து வெளியே ஒயரில் அந்த இன்னொரு பெட்டை வந்து உட்கார்ந்தது. ஆண் குருவி பெட்டியைப் பார்த்தது, தலையைத் திருப்பி ஒயரைப் பார்த்தது. மறுபடி பெட்டி. மறுபடி ஒயர். செண்பகராஜ் விசிறியை இறுக்கிப் பிடித்தான். வாயில் புழுவை வைத்துக்கொண்டு கூப்பிட முடியாதல்லவா, ஒன்று ஊட்ட வேண்டும், இல்லையென்றால் கூப்பிட வேண்டும். குருவி புழுவை விழுங்கியது. அதுவே விழுங்கிவிட்டு ஷட்டர் பெட்டிக்குத் தாவி நெஞ்சைத் தூக்கிக்கொண்டு சிலிப் சிலிப் என்று ஆரம்பித்தது. குஞ்சுகள் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தன. செண்பகராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கப் போனால் களிம்பு படும், அப்படியே வழிய விட்டான். டை நெடி கண்ணைக் கரிக்கிறது என்று சலூன்காரர் நினைத்துக்கொள்வார், நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் குருவிமேல் அவனுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் கொடுமை. அது எப்படிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது என்று பார்த்தவன் அவன்.

சொல்லிவிடலாம். திடீரென்று அப்படித் தோன்றியது, தோன்றியதும் உடம்பு லேசாயிற்று. என்ன பெரிய விஷயம், ஒரு வாக்கியம்தானே. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவ்வளவுதான். மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். எனக்கு ஒரு மக இருக்கா, பேரு கனிஷ்கா, மூணாங்கிளாஸ் முடிச்சிருக்கா. கிளாஸெல்லாம் எதற்கு, முதல் பாதி போதும். என் மக. ரெண்டே சொல். வண்டிக்குள் ஏறினதுமே அந்த டிரைவர் பையனிடம் சொல்லிவிடுவது, அவன் வண்டியைத் திருப்பினால் திருப்பட்டும். அக்கா நெஞ்சில் அடித்துக்கொள்வாள், அடித்துக்கொள்ளட்டும். காளீஸிடம் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வது. செல்வநாயகிக்கு அவனே போன் செய்வான், அன்றைக்கு ம் என்றது பொய் என்று சொல்வான், அவள் வைத்துவிட்டால் வைத்துவிட்டுப் போகிறாள். வைக்கவில்லை என்றால்? அதை இப்போது நினைக்கக்கூடாது, அந்த ஆசையில்தான் எல்லாம் கெட்டது. ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான், பழகினதுதானே. நாளைக் காலையில் ஜடை பின்னுவான். அப்படி நினைத்தபோது எத்தனையோ நாளைக்கு அப்புறம் நெஞ்சு நிறைந்து மூச்சு வந்தது. சலூன்காரர் வந்து மீசையைத் தொட்டுப் பார்த்து, “காஞ்சிருச்சு, எந்திரிங்க” என்றார். குனிய வைத்துத் தண்ணீர் ஊற்றினார், கருப்பாக ஓடி, சாம்பலாக ஓடி, வெறும் தண்ணீராக ஓடியது. துடைத்து, சீவி, பவுடர் போட்டுவிட்டு, “பத்து வயசு குறைஞ்சிருச்சு அண்ணாச்சி” என்று நாற்காலியைச் சுற்றிவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. வாய்க்கு இனித் தடையில்லை. செண்பகராஜ் உதட்டை ஒருமுறை விரித்துச் சுருக்கிப் பார்த்துக்கொண்டான்.

வாசலில் நிழல் தட்டியது. திரும்பினான், கனிஷ்கா. ஊதா கவுன், தோளில் பை, காலையில் அவன் பின்னிவிட்ட ரெட்டை ஜடை. சந்து முனையில் வெள்ளைக் கார் நின்றது, டிரைவர் பையன் பானெட்டில் சாய்ந்து இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான், பின் சீட்டில் அக்காவின் சேலை தெரிந்தது. ஆம்பளைகள் சலூனுக்குள் அக்கா எப்படி வருவாள், அதுதான் பிள்ளையை இறக்கி அனுப்பியிருக்கிறாள்.

“மாமா, வண்டி வந்துருச்சு. வாங்க” என்றாள் கனிஷ்கா.

சலூன்காரரைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவரைப் பார்த்தான். அவர் இவனைப் பார்த்தார். குழந்தையும் இவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து வா, போ என்று பேசுகிறவள், வாங்க என்கிறாள். அக்கா சொல்லிக் கொடுத்தது இதுதானா.

“பாப்பா யாரு அண்ணாச்சி, தங்கச்சி பிள்ளையா?” என்றார் சலூன்காரர்.

“என் மக” என்றான் செண்பகராஜ். நினைத்ததைவிடச் சுலபமாக வந்துவிட்டது. காதில் விழுந்த தன் குரலே அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னொருமுறை சொல்லலாம் போல இருந்தது.

கனிஷ்காவின் முகம் வெளிறிவிட்டது. சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தாள், டிரைவர் இருக்கிற இடத்தைப் பார்த்தாள், பிறகு சலூன்காரரைப் பார்த்துச் சிரித்தாள், பெரியவர்கள் ஒரு தப்பைச் சமாளிப்பதற்குச் சிரிப்பார்களே அந்தச் சிரிப்பு. “மாமா சும்மா சொல்றாங்க. எப்பவும் இப்படித்தான் சொல்வாங்க. எங்கப்பா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க. நான் எங்கப்பா கூட சிவகாசிக்குப் போறேன்” என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில், ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னாள். சலூன்காரர் ஓவென்று சிரித்தார். “தாய்மாமன்ல, உரிமை கொண்டாடத்தான் செய்வாரு” என்றார்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் கிட்டே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள், குனிந்தான். காதுக்குள் மூச்சுச் சூடாகப் பட்டது. “மறந்துட்டியாப்பா? அந்த டிரைவர் காதுல விழுந்திருந்தா என்ன ஆகும்? அத்தை சொன்னாங்க, நான் ஒழுங்காச் சொன்னாத்தான் உனக்குச் சோறு ஆக்கிப் போட ஆள் வருவாங்களாம்.” முகத்தை விலக்கி அவனைப் பார்த்தாள். “நான் சரியாச் சொன்னேன்ல?”

அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்திருக்கலாம். கார் ஒரு பக்கம் நிற்க, அவன் ஒரு பக்கம் நடந்திருக்கலாம், யார் தடுத்திருப்பார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். ஒரு வேலையை நம்பி ஒப்படைத்தார்கள், அதை முடித்துவிட்டேன், பாராட்டு என்று நின்ற முகம். இல்லை, நீ சொன்னது தப்பு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “சரியாச் சொன்னே” என்றான்.

கையைப் பிடித்துக்கொண்டு சந்தில் நடந்தார்கள். கார் கிட்டே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கனிஷ்கா தானாகவே கையை உருவிக்கொண்டாள். ஓடிப்போய்ப் பின் சீட்டில் அத்தைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் பையன் முன் கதவைத் திறந்து பிடித்தான். செண்பகராஜ் ஏறினான்.

“போலாமா மச்சான்?” என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக.



“போலாம்” என்றான் செண்பகராஜ்.